தேசிங்குக்குக் கிடைக்காத மஞ்சள் அட்டை

கானா நாட்டில் முதலில் என்னிடம் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. மஞ்சள் அட்டையைத்தான் கேட்டார்கள். அக்ரா விமான நிலையத்தில் குடியேற்ற வரிசைக்கு முன்னாலேயே ஒரு மேசை போட்டு, வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான அட்டை அது. விரித்து முத்திரையைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "எங்கள் ஊருக்கு வருக" என்று சிரித்தாள்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு அது முதல் விமானப் பயணம். சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். எனக்கோ அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி கூசியது.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவரின் அட்டையில் முத்திரை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் நீட்டினார். அந்தப் பெண் அதை இரண்டு தரம் படித்தாள், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள், ஏதோ எச்சரித்தாள், பிறகு போகச் சொல்லிவிட்டாள். மொத்தம் பத்து நிமிடம். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் என் அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் சாத்தாங்காட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

திருவொற்றியூர்ப் பக்கத்துச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நசீர் பாயின் பட்டறையில் நான் ஃபிட்டர். பெயர் சம்பத்து. பழைய இரும்பை வெட்டித் துண்டு போடும் மெஷின் செய்கிறோம். முதலை வாயைத் திறந்து மூடுவது போல வெட்டும் என்பதால் அதை நாங்கள் 'மொதலை' என்றுதான் சொல்வோம். கானாவின் துறைமுக ஊரான டேமாவில் ஓர் இரும்பு ஆலை எங்கள் முதலை ஒன்றை வாங்கியது. அதை அங்கே பொருத்தி ஓட்டிக் காட்ட ஓர் ஆள் போக வேண்டும். பட்டறையில் அதற்கு இரண்டே பேர்தான் உண்டு. ஒன்று நான். இன்னொன்று தேசிங்கு.

தேசிங்கு எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்துக்காரன். கழிமுகத்தில் மீன் குறைந்த பிறகு வலையை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தவன். பத்தொன்பது வருடமாக ஒரே பெஞ்சில் நின்று வேலை செய்கிறோம். அவன் என் உயிர் நண்பன். பத்தொன்பது வருடமாக அவனைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். இரண்டும் உண்மை. நான் ஒரு மெஷினைக் கழற்றிப் போட்டு இரண்டு நாள் தேடும் கோளாறை, அவன் டீ குடித்துக்கொண்டே காதால் கேட்டுச் சொல்லிவிடுவான். நான் சொன்னால் யாரும் சிரிக்காத ஜோக்கை அவன் சொன்னால் பட்டறையே சிரிக்கும். டேமாக்காரர்களோடு ஆறு மாதமாக வீடியோவில் பேசியது அவன்தான். இங்கிலீஷ் எனக்குத்தான் அதிகம் தெரியும். பேசத் தெரிந்தது அவனுக்கு.

நசீர் பாய் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கினு வாங்கப்பா. யாரு போறதுன்னு அப்பால பாத்துக்கலாம்" என்றார். யார் போவது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கேன் போடுகிறவர் கூடத் தேசிங்கின் கையைத்தான் குலுக்கினார்.

முதலில் ராயபுரத்தில் பாய்க்குத் தெரிந்த டாக்டரிடம் போனோம். வயதானவர், பொறுமைசாலி. ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், அது இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். அதை அவர் போட முடியாது, துறைமுகத்துப் பக்கம் அரசாங்க அலுவலகத்தில்தான் போடுவார்கள். மலேரியாவுக்கு மாத்திரை, அதையும் தவிர்க்க முடியாது. மற்றவை நம் யோசனைக்கு விட்டது. டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, டெட்டனஸ், மூளைக்காய்ச்சல்.

"டைபாய்டுக்கு எனக்கு ஊசியா?" என்று தேசிங்கு சிரித்தான். "சார், எங்க ஊட்டாண்ட ஒரு பக்கம் கரண்டு கம்பெனி சாம்பல், இன்னொரு பக்கம் கெமிக்கல் பொகை. என் மாமியா வூடு கொடுங்கையூர் குப்ப மேட்டாண்ட கீது. எங்க ஒடம்புல பூந்தா டைபாய்டு செத்துப்பூடும்."

"புகை தடுப்பூசி இல்லப்பா. அது தனி வியாதி" என்றார் டாக்டர். "போன வருசம் டைபாய்டுல படுத்த உங்க பட்டறை ஆளுங்களை எல்லாம் நான்தான் பாத்தேன். அங்க மூணு வேளையும் வெளியில சாப்பிடப் போறீங்க. டைபாய்டும் காமாலையும் போட்டுக்குங்க. இரும்புல வேலை, டெட்டனஸ் போட்டு எத்தனை வருசம் ஆச்சு?"

தேசிங்கு டெட்டனஸும் டைபாய்டும் போதும் என்றான். அப்படியானால் எனக்கு? நான் என்ன யோசித்திருக்க வேண்டும்? என் வயது, என் உடம்பு, போகிற இடம். நான் யோசித்தது, அவன் இரண்டு போட்டால் நான் மூன்று போட வேண்டும் என்பதுதான். காமாலை ஊசியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா, "நாய்க்கடி ஊசி வேணாமா சார்?" என்று வேறு கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அங்க போய் இரும்பை வெட்டப் போறீங்களா, நாயைப் பிடிக்கப் போறீங்களா?" தேசிங்கு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு இரண்டு கையும் வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். அவன் மறுநாளே பட்டறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

"எதுக்காவது அலர்ஜி உண்டா?" என்று டாக்டர் கேட்டதற்கு இருவருமே இல்லை என்றோம். தேசிங்கு சொன்னது பொய். அது எனக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே தள்ளுவண்டியில் இருவரும் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம் திணித்துக் கூடவே தருவார்கள். சின்ன வயதிலேயே ஆகாது என்று தேசிங்கு முட்டையைத் தொடமாட்டான். அன்று கடைக்காரர் முட்டையை நூடுல்ஸோடு பிசைந்துவிட்டார். கால் மணி நேரத்தில் இவன் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் அடித்தது. ஷேர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்து எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "வெளிய சொல்லாத மாமு. சுறாவும் நண்டும் துன்னுற நெட்டுக்குப்பத்தான் கோயி முட்டைக்கு சுருண்டான்னா மானம் பூடும்." நான் சொல்லவில்லை. அவன் மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

துறைமுகத்துப் பக்கத்து அலுவலகத்தில் நீளமான பெஞ்சு. ஒரு குப்பி மருந்தைத் திறந்தால் பல பேருக்கு வரும், திறந்த கொஞ்ச நேரத்தில் போட்டுவிட வேண்டும் என்பதால் ஆள் சேரும் வரை உட்கார வைத்திருந்தார்கள். கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள், படிக்கப் போகிற ஒரு பெண், நாங்கள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் தமிழிலேயே எழுதியிருந்தது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும். நான் அதைப் படித்தேன். தேசிங்கு அதைப் படிப்பதையும் பார்த்தேன்.

ஆடி மாதம். குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வரைக்கும் அவன் கையில் மஞ்சள் காப்பு. நர்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். "முட்டை சாப்பிடுவீங்களா?" என்று அவனைக் கேட்டார்.

"இல்ல சிஸ்டர்" என்று கையை நீட்டிக் காப்பைக் காட்டினான். "ஆடி. கவுச்சி தொடமாட்டோம்."

"ஓ, விரதமா?" என்று நர்ஸ் காப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். வேறு எந்த ஊரிலாவது இப்படித் தப்ப முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

எங்களுக்கு முன்னால் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கு ஊசி போட்ட நேரத்தில் என் மனதில் ஓடியதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது அவன் உயிர் இல்லை. நான் இப்போது வாயைத் திறந்தால் கானாவுக்குப் போகிறவன் நான். அதுதான் முதலில் வந்தது. அது வந்துவிட்டதாலேயே வாயைத் திறக்கக் கூசியது. எதற்காகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது? அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டான். அவனுக்கும் பயம் என்பது அந்தத் தாளத்தில் தெரிந்தது.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். நர்ஸ் பஞ்சால் துடைத்தார். அப்போதுதான் அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் கேட்ட அந்த விசில் மூச்சு என் காதில் கேட்டது.

"சிஸ்டர், போடாதீங்க! அவனுக்கு முட்டை ஆவாது!" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தோ, வீங்கிய உதடு, ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தேசிங்கைக் கேட்டார். அவன் என்னை முறைத்தான். அது போதுமானதாக இருந்தது.

"இந்த மருந்தை முட்டையிலதான் வளக்கறாங்க. உங்களுக்குப் போட முடியாது" என்றார்.

தேசிங்கு சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தான். என் பக்கத்தில் வந்து நின்றான். "சந்தோசமா மாமு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனான்.

நான் ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா என்னிடம் வந்தார். "உங்க ஃபிரண்டு போயிட்டாரா? அவர்கிட்ட சொல்லுங்க. ஊசி போட முடியாதவங்களுக்கு விலக்குக் கடிதம்னு ஒண்ணு இருக்கு. அலர்ஜியை டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்லுங்க. அந்த நாட்டுக்காரங்க ஒத்துக்கறாங்களான்னு முன்னாடியே கேக்கணும். கொசு கடிக்காம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். திரும்பி வரும்போது இங்க ஆறு நாள் தனியா வைக்கலாம். இதுக்கெல்லாம் தயார்னா வரச் சொல்லுங்க."

சரி டாக்டரம்மா என்றேன். சொல்லவில்லை.

முதல் நாள் அவன் கோபமாக இருந்தான், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். இரண்டாம் நாள் அவன் லீவு. மூன்றாம் நாள் நசீர் பாய் பட்டறையில் எல்லோர் முன்னாலும் "சம்பத்துதான் போறான்" என்று சொல்லிவிட்டார். அந்த நிமிடத்துக்காக நான் பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். தேசிங்கு வந்து, முதலையைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் படம் போட்டுக் கொடுத்தான். அப்போதும் நான் சொல்லவில்லை. ஊசிக்குப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அந்தப் பத்து நாளில் பத்து தரம் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு டேமா. முதல் நாள் ஆலை வாசலில் ஃபோர்மேன் க்வாமே காத்திருந்தார். ஆறடி உயரம், கட்டைக் குரல். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து, "இன்னா மாமு!" என்றார். அசல் எண்ணூர் உச்சரிப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கேள்வி, "டேசிங் எங்கே?"

வீடியோவில் தேசிங்கு கற்றுக்கொடுத்திருக்கிறான். ஆலையில் பத்துப் பதினைந்து பேருக்கு 'இன்னா மாமு' தெரிந்திருந்தது, இருவருக்கு 'சோக்கா கீது' தெரிந்திருந்தது. எல்லோரும் முதலில் என்னை மாமு என்றார்கள், பிறகு டேசிங் எங்கே என்றார்கள். பத்தொன்பது வருடமாக அவன் என்னை மட்டும் மாமு என்று கூப்பிடுவதாக ஒரு நினைப்பு எனக்கு. அதைத் தூக்கி ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டானே என்று எரிந்தது. கடலைத் தாண்டி வந்தும் அவன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான்.

ஆகஸ்டு மாதம் அங்கே இதமான குளிர். மேகம் மூடிய வானம், கடல் காற்று, அதில் மீன் வாடையும் இரும்பு வாடையும். கண்ணை மூடிக்கொண்டால் திருவொற்றியூர்தான். சாப்பாடும் பழகியது போலவே இருந்தது. புளித்த சோள மாவைப் பிடித்து மடலில் சுற்றி அவித்த கென்கே, பக்கத்தில் முழு மீனாகப் பொரித்த மீன், பச்சையாக அரைத்த மிளகாய். முதல் வாய் வைத்ததும் கூழும் கருவாடும் ஞாபகம் வந்தது. ஆடிக் கூழ் ஞாபகம் வந்ததும் மஞ்சள் காப்பு ஞாபகம் வந்தது. பாதியில் கை கழுவிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை ஆலை வாசலில் ஒரு பெண் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டி நிறைய அவித்த முட்டை. ஒன்றை உரித்து, கீறி, உள்ளே மிளகாயும் தக்காளியும் வெங்காயமும் திணித்துக் கையில் கொடுத்தாள். எங்கள் அத்தோ கடை முட்டையே ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டது போலிருந்தது. அருமையான ருசி. "இந்த ஊரில் முட்டை சாப்பிடாதவனைப் பார்த்ததில்லை. டேசிங்குக்கு ஒரு டஜன் வாங்கி வைத்திருந்தேன்" என்றார் க்வாமே. நான் முட்டையை விழுங்கிக்கொண்டு தலையாட்டினேன். தேசிங்குக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. ஆலைக்கு உதிரிச் சாமான் வாங்க ட்ரோட்ரோ என்கிற மினி வேனில் போனேன். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. நம் டோல்கேட்டு ஷேர் ஆட்டோக்காரர்கள் மாதிரியே ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டே வந்தார். மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டும்போது வண்ணம் அடித்த படகுகள் எல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகக் கூடாது, அன்று கடல் ஓய்வெடுக்கும் என்று பக்கத்துச் சீட்டு அம்மாள் சொன்னாள். காசிமேட்டில் இதைச் சொன்னால் படகுக்கு டீசல் போட்டவர் அடிக்க வருவார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் கியர் கம்பி கழன்று டிரைவர் கையோடு வந்துவிட்டது.

வண்டி நடுரோட்டில் நின்றது. டிரைவர் கம்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "போன மாதமும் இதே இடம்" என்றார் ஒருவர். நான் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கீழே படுத்து, கம்பியை மாட்டி, கட்டுக் கம்பி போட்டு முறுக்கினேன். வண்டி கிளம்பியதும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வண்டியில் யாருக்கும் தேசிங்கைத் தெரியாது. அங்கிருந்த ஒன்பது நாளில் எனக்கு மனசு நிறைந்தது அந்த ஒரு தரம்தான். பக்கத்துச் சீட்டு அம்மாள் என் சட்டை மண்ணைத் தட்டிவிட்டாள். "இவ்வளவு தூரம் தனியாகவா வந்தாய்? கூட வர ஒருத்தருமா கிடைக்கவில்லை?" என்று கேட்டாள். நிறைந்த மனசு அங்கேயே வடிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் முதலை வாயைத் திறந்தது, பாதியில் நின்றுவிட்டது. பம்ப்பு ஊளையிட்டது. நான் வால்வைக் கழற்றினேன், சுத்தம் செய்தேன், மாற்றினேன். ஆறாம் நாளும் அதே ஊளை. "டேசிங்கிடம் கேட்கலாமே" என்று க்வாமே நான்கு தரம் சொன்னார். நாலாவது தரம் அவரிடம் கத்தினேன். ஏழாம் நாள் மத்தியானம் க்வாமே என்னைக் கேட்காமலே வீடியோவில் கூப்பிட்டுவிட்டார்.

திரையில் தேசிங்கு. பின்னால் எங்கள் பட்டறை. ஆலையே திரண்டு, "இன்னா மாமு!" என்று கூவியது. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பிறகு, "ஓட்டிக் காட்டு" என்றான். போனை மெஷின் பக்கத்தில் பிடித்தேன். பத்து நொடி கூட இருக்காது.

"மாமு, பம்ப்பு காத்த குட்ச்சிகினு கீது. டேங்கத் தொறந்து பாரு, ஆயிலு நொரையா கீதா?"

திறந்தேன். நுரைதான்.

"பம்ப்புக்கு ஆயிலு இஸ்க்குற பைப்புல ஜாயிண்ட்ட டைட்டு பண்ணு. அவ்ளோதான். வால்வு மேல கைய வெக்காத."

அதைத்தான் இரண்டு நாளாகக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஜாயிண்ட்டில் அரைச் சுற்று. முதலை வாயை முழுதாகத் திறந்து, ரயில் தண்டவாளத் துண்டை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வெட்டியது. எல்லோரும் போனுக்குக் கை தட்டினார்கள். நான் ஆயில் கையோடு ஓரமாக நின்றேன்.

"அந்த ஊரைக் கொஞ்சம் காட்டேன் மாமு" என்றான் தேசிங்கு. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கடலைக் காட்டினேன். படகுகளைக் காட்டினேன். தலையில் பெட்டியோடு போன பெண்ணைப் பார்த்துவிட்டு, "அது இன்னா விக்குது?" என்றான். முட்டை என்றேன். அவன் சிரித்தான், "கடல இன்னொரு தபா காட்டு" என்றான். விமான நிலையத்தில் கடிதம் நீட்டிய பெரியவர் என் கண் முன்னால் வந்தார். இவனும் இங்கே நின்றிருக்கலாம். பத்து நிமிட வேலை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம் நெட்டுக்குப்பத்துக்குப் போனேன். தேசிங்குக்கு மீன் படம் போட்ட துணி வாங்கி வந்திருந்தேன். அதைக் கைலி மாதிரி கட்டிக்கொண்டு முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்து காட்டினான். நான் அப்போதே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா, விலக்குக் கடிதம், நான் சொல்லாமல் விட்டது, எல்லாம்.

அவன் நடப்பதை நிறுத்தினான். "எப்ப சொன்னாங்கோ?"

"அன்னிக்கே. நீ போனதுக்கப்பறம்."

அவன் உள்ளே போய் லுங்கி மாற்றிக்கொண்டு வந்தான். அந்தத் துணியை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்தான். "முட்டைய சொன்னியே, அது என் உசுருக்காவ. கூவணும்னு தோணிச்சு, கூவிட்ட, செரி. இத்த சொல்லலியே, இது யாருக்காவ?"

"எனக்காவ" என்றேன். வேறு என்ன சொல்வது? வயித்தெரிச்சல் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

"போ" என்றான். துணியை எடுத்துப்போய்ப் பட்டறையில் என் மேசைக்குள் போட்டு வைத்தேன்.

அதன் பிறகு ஒரே பெஞ்சில் நின்றுகொண்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வந்து எடுத்துக்கொள்வான். டேமாக்காரர்கள் இரண்டாவது முதலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். "சம்பத்து, உங்கிட்டதான் அட்டை கீது, ஆயுசுக்கும் செல்லும். நீயே போய்ட்டு வா" என்றார் நசீர் பாய். நான் எல்லோர் முன்னாலும் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். முதல் தரமே தேசிங்கு போயிருக்கலாம், நான்தான் மறைத்தேன் என்றும் சொன்னேன். பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. தேசிங்கு தலை நிமிராமல் அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் பாஸ்போர்ட்டோடு நின்றான். "கெளம்பு. அந்த டாக்டரம்மா உங்கிட்டதான சொன்னாங்கோ" என்றான். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் பேசாமலே போனோம்.

டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "அன்னைக்கே சொன்னேனே, ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். நான் எதிர்ச் சுவர் நோட்டீசைப் பார்த்தேன்.

"மறந்துட்டான் டாக்டரம்மா" என்றான் தேசிங்கு. "நல்லவன்தான். கொஞ்சம் மறதி." என் பக்கம் திரும்பவேயில்லை.

அலர்ஜி டெஸ்ட், டேமா ஆலை மூலம் அந்நாட்டு அனுமதி, கடிதம் என்று ஒரு மாதம் அலைந்தோம். ராயபுரத்து டாக்டரிடமும் போனோம். கொசு விரட்டும் களிம்பு, முழுக்கைச் சட்டை, வலை, மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். காமாலை ஊசியையும் அவன் போட்டுக்கொண்டான். "இப்ப ரெண்டு பேரும் சமம்" என்றான். என் ஊசிக் கணக்கை அன்றைக்கே கவனித்திருக்கிறான்.

இதை எழுதும் இப்போது அவன் டேமாவில் இருக்கிறான். திரும்பி வந்ததும் ஆறு நாள் தனியாக வைப்பார்கள். பார்க்க உள்ளே விட்டால் முட்டை கலக்காத அத்தோ வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். காலையில் போட்டோ அனுப்பியிருந்தான். கடற்கரையில் முழுக்கைச் சட்டையோடு நடுவில் இவன், ஒரு பக்கம் க்வாமே, சுற்றி ஆலையே நின்று சிரிக்கிறது. இடுப்பில் நான் வாங்கி வந்த மீன் துணி. எப்போது என் மேசையிலிருந்து எடுத்துப் போனான் என்று தெரியவில்லை. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது, அது எந்த ஊசிக்கும் போகாது போலிருக்கிறது.

போட்டோவுக்குக் கீழே, "எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்கோ மாமு" என்று எழுதியிருந்தான்.

பொய்யாகத்தான் இருக்கும். இரண்டு தரம் படித்தேன்.